பிரேக் தடம் காணப்படவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

தருமபுரியில் சட்டம் படித்துக்கொண்டே ஒரு வக்கீல் அலுவலகத்துக்கும் போய்வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஒரு விபத்து வழக்கின் கட்டைப் புரட்டியபோது, சம்பவ இடத்தைப் பார்த்துக் காவலர் எழுதும் பார்வை மகஜரில் இருந்த ஒரு வரி உங்களை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது: 'சாலையில் பிரேக் பிடித்த தடம் எதுவும் காணப்படவில்லை.' தொப்பூர் இறக்கத்தில் லோடு லாரி ஒன்று முன்னால் போன வண்டிகள் மீது மோதிய வழக்கு. தடம் இல்லை, ஆகவே டிரைவர் பிரேக்கே பிடிக்கவில்லை என்பது அரசுத் தரப்பு. அதை மறுக்க வழியில்லை என்று சீனியரும் அடுத்த கட்டை எடுத்துவிட்டாராம். அப்படி முடிவுகட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டக் கூடாது. ஏன் கூடாது என்பதைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும். இந்தச் சந்தேகம் வேறு பலருக்கும் இருக்கும் என்பதால் பதிலைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன். உங்கள் வழக்கின் விவரத்துக்குள் போகமாட்டேன், அது கோர்ட்டில் இருக்கிறது. பொதுவாக அந்த ஒற்றை வரிக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை மட்டும் பார்ப்போம்.

முதலில் தடம் எப்படி விழுகிறது என்று தெரிய வேண்டும். சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்வரை டயரின் ஒவ்வொரு பகுதியும் சாலையை ஒரு கணம் தொட்டுவிட்டு எழுந்துவிடும். பிரேக்கை ஓங்கி மிதித்துச் சக்கரம் பூட்டிக்கொண்டால் உருளல் நின்றுபோய், டயரின் ஒரே இடம் சாலையோடு இழுபடும். அந்த இடம் சூடேறி ரப்பர் ஈஷிக்கொள்ளும். தார்ச் சாலையாக இருந்தால் தாரும் சூட்டில் இளகிக் கருத்துவிடும். நெடுஞ்சாலைகளில் நாம் பார்க்கும் கறுப்புப் பட்டை அதுதான். பூட்டிய சக்கரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு, ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. முன்சக்கரம் பூட்டிவிட்டால் எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் போகும். பின்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டியே சுற்றிக்கொள்ளும்.

விபத்தை ஆராய்கிறவர்களுக்கு அந்தப் பட்டை பெரிய சாட்சி. தடத்தின் நீளத்தை மீட்டரில் எடுத்து, டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு எண்ணால் பெருக்கி, வந்ததை 254-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால் போதும். தடம் தொடங்கிய இடத்தில் வண்டி மணிக்கு எத்தனை கிலோமீட்டரில் போனது என்று வந்துவிடும். காய்ந்த தார்ச் சாலையில் காருக்கு 0.7 என்று வைத்துக்கொண்டால், 30 மீட்டர் தடத்துக்கு 73 கிலோமீட்டர். வண்டியின் எடை இந்தச் சூத்திரத்தில் வருவதே இல்லை. எடை கூடினால் ஓட்டமும் கூடுகிறது, உராய்வும் அதே அளவு கூடுகிறது, இரண்டும் கழிந்துவிடுகின்றன.

கணக்கு எளிது, உராய்வு எண்ணைத் தேர்வதில்தான் சிக்கல். லாரி டயரின் ரப்பர் கடினமானது, கார் டயர் அளவுக்குச் சாலையைப் பிடிக்காது. அதற்கு 0.5 என்று வைத்தால் அதே 30 மீட்டருக்கு 62 கிலோமீட்டர்தான் வரும். சாலை ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 5 மீட்டர் இறங்குகிறது என்றால் உராய்வு எண்ணிலிருந்து 0.05-ஐக் கழிக்க வேண்டும், அப்போது 59 ஆகிவிடுகிறது. ஒரே நீளம், ஒரே சூத்திரம். ஒருவர் 73 என்று கூண்டில் சொல்லலாம், இன்னொருவர் 59 என்று சொல்லலாம். எந்த உராய்வு எண்ணை வைத்தீர்கள், எங்கிருந்து எடுத்தீர்கள், சரிவைச் சேர்த்தீர்களா என்று கேட்காமல் எந்த வேகக் கணக்கையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அடிக்கடி நடக்கும் ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். 30 மீட்டர் இழுத்துக்கொண்டு போன கார், நிற்காமல் 40 கிலோமீட்டர் வேகத்தில் எதிலாவது மோதுகிறது. அப்படியானால் தொடக்க வேகம் 73-உம் 40-உம் சேர்ந்து 113 என்று கூட்டிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேகங்களைக் கூட்டக் கூடாது, அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். விடை 83. ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய இடத்தில் 30 கிலோமீட்டர் வித்தியாசம்! பத்தாம் வகுப்புக் கணக்குதான், ஆனாலும் குறுக்கு விசாரணையில் உதவும்.

இதுவரை சொன்னது தடம் இருக்கும் வழக்குக்கு. உங்கள் வழக்கில் தடம் இல்லை. ஏபிஎஸ் பற்றிப் பேச வேண்டியது இப்போதுதான்.

சக்கரம் பூட்டாமல் தடுக்கும் இந்த ஏற்பாடு முதலில் விமானத்துக்கு வந்தது. ஈர ஓடுதளத்தில் விமானச் சக்கரம் பூட்டி டயர் வெடிக்காமலிருக்க 1950-களில் பிரிட்டனின் டன்லப் நிறுவனம் மாக்ஸரெட் என்ற கருவியைச் செய்தது. மின்னணு மூளையோடு இன்று நாம் காணும் வகையை 1978-ல் பாஷ் நிறுவனம் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் கொண்டுவந்தது. வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு சக்கரத்திலும் பல்வளையமும் அதைக் கவனிக்கும் சென்சாரும் இருக்கும். ஒரு சக்கரம் மற்றவற்றைவிடத் திடீரென்று மெதுவாகி, பூட்டப்போகிறது என்று தெரிந்தால், அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் அழுத்தத்தை வால்வு குறைத்துவிடும். உருளத் தொடங்கியதும் மறுபடி கூட்டும். காரில் இது நொடிக்குப் பல தடவை நடக்கும். பெடல் காலடியில் கடகடவென்று உதைப்பது அதனால்தான். பயந்துபோய் அப்போது காலை எடுத்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சக்கரம் பூட்டவில்லை என்றால் ரப்பர் ஓரிடத்தில் இழுபடாது, ஆகவே கறுப்புப் பட்டையும் விழாது. அதற்காக ஏபிஎஸ் வண்டி தடமே விடாது என்று எண்ணிவிடக் கூடாது. ஆரம்ப காலத்தில் வெளிநாட்டுப் புலனாய்வாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பிறகு வண்டிகளை ஓட்டிச் சோதித்தபோது தடம் இருக்கிறது, மங்கலாக இருக்கிறது என்று தெரிந்தது. நிழல் விழுந்தாற்போல வெளிறிய கோடு, இடையிடையே கொஞ்சம் அடர்ந்தும் மறைந்தும். நேர் மேலே நின்று பார்த்தால் கண்ணுக்குத் தட்டுப்படாது. குனிந்து, சாலையின் நீளவாக்கில், வெயில் சாய்ந்திருக்கும் நேரத்தில் பார்த்தால் தெரியும். உச்சி வெயிலிலும் நடுராத்திரி டார்ச் வெளிச்சத்திலும் தெரிவது கடினம். வண்டிகள் ஓடத் தொடங்கிச் சில மணி நேரத்தில் அதுவும் அழிந்துவிடும். 'காணப்படவில்லை' என்று எழுதியவர் எத்தனை மணிக்கு, எந்த வெளிச்சத்தில், எங்கே நின்று பார்த்தார் என்பது அதனால்தான் முக்கியம்.

அந்த மங்கலான தடம் கிடைத்தாலும் பழைய கணக்கை அப்படியே போடக் கூடாது. பூட்டிய சக்கரத்தைவிட, பூட்டுவதற்குச் சற்று முன்னே உருண்டுகொண்டிருக்கும் சக்கரம் காய்ந்த சாலையை நன்றாகப் பிடிக்கும். 0.7-க்குப் பதில் 0.8 என்று வைக்க வேண்டியிருக்கலாம். 40 மீட்டர் தடத்துக்கு 0.7 வைத்தால் 84 கிலோமீட்டர், 0.8 வைத்தால் 90. பழைய எண்ணை வைத்துப் போட்டால் ஏபிஎஸ் காரின் வேகம் குறைவாக வரும், காரோட்டிக்குச் சாதகம். மணலோ ஜல்லியோ சிதறிய சாலையில் நிலைமை தலைகீழ். அங்கே பூட்டிய சக்கரம் மண்ணைத் தன் முன்னால் குவித்துக்கொண்டு நிற்கும், ஏபிஎஸ் வண்டி இன்னும் கொஞ்ச தூரம் ஓடிவிடும்.

நம் நாட்டில் புது லாரிகளுக்கும் பஸ்களுக்கும் 2015-லிருந்து ஏபிஎஸ் கட்டாயம். கார்களுக்கு 2019 ஏப்ரல் முதல். அதற்கு முன்பு விற்ற கார்களில் விலை கூடிய வகையில் இருக்கும், அடிப்படை வகையில் இருக்காது. ஆகவே வண்டியின் பெயரை வைத்தோ ஆண்டை வைத்தோ முடிவுசெய்ய முடியாது, எந்த வகை என்று பார்க்க வேண்டும். லாரிகளில் இன்னொரு தொல்லை. ஏபிஎஸ் இருக்கும், வேலை செய்யாது. சென்சார் ஒயர் அறுந்திருக்கும், டிரெய்லருக்குப் போகும் ஏபிஎஸ் இணைப்பை மாட்டாமலே ஓட்டுவார்கள். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மாதக் கணக்கில் எரிந்துகொண்டிருக்கும். போதாததற்கு, லோடு இல்லாத லாரியின் பின்சக்கரங்கள் பிரேக் பிடிக்கும்போது துள்ளும். துள்ளலுக்கு ஒன்றாக விட்டுவிட்டு அடர்ந்த கறுப்புத் துண்டுகள் விழும். இதைப் பார்த்து ஏபிஎஸ் தடம் என்று எழுதுவதும் நடக்கும், டிரைவர் விட்டுவிட்டு மிதித்தார் என்று எழுதுவதும் நடக்கும். இரண்டும் தப்பு.

சரி, தொப்பூருக்கு வருவோம். நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர், உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்காக: தேசிய நெடுஞ்சாலை 44-ல் பெங்களூரு பக்கமிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் வருகிற வண்டிகள் தொப்பூர் கணவாயில்தான் கீழே இறங்குகின்றன. தருமபுரி கடல்மட்டத்திலிருந்து 450 மீட்டருக்கு மேலே இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்கும் கீழே. அந்த உயரத்தின் பெரும்பகுதி கணவாயின் சில கிலோமீட்டரில், வளைவுகளோடு சேர்ந்து இறங்கிவிடுகிறது. கட்டமேடு, இரட்டைப்பாலம் என்ற பெயர்கள் செய்தித்தாளில் வந்தாலே மக்களுக்கு விஷயம் புரிந்துவிடும். 2020 டிசம்பர் 12 அன்று சிமென்ட் ஏற்றிவந்த லாரி கட்டுப்பாடு இழந்து, வரிசையில் நின்ற பன்னிரண்டுக்கும் மேற்பட்ட வண்டிகளை நொறுக்கியது, நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று லாரிகளும் கார்களும் ஒன்றோடொன்று மோதி, ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்ததைக் கண்காணிப்புக் கேமராப் பதிவில் நாடே பார்த்தது. அதிலும் நான்கு உயிர்கள்.

இந்த விபத்துகளை ஒட்டி எப்போதும் பேசப்படுவது நியூட்ரல். இறக்கம் தொடங்கியதும் கியரை எடுத்துவிட்டு லாரியை உருட்டிவிடுவது, டீசல் மிச்சமாகும் என்பது நம்பிக்கை. செய்யாதீர்கள் என்று காவல்துறை ஒலிபெருக்கி வைத்துச் சொல்லியும் பார்த்தது. உண்மையில் மின்னணு முறையில் டீசல் செலுத்தும் இன்றைய என்ஜினில் இதனால் மிச்சமே இல்லை. கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரமே என்ஜினைச் சுற்றும், டீசல் அறவே நிறுத்தப்பட்டுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் அணைந்துபோகாமலிருக்கக் கொஞ்சம் டீசல் எரிந்துகொண்டே இருக்கும். மிச்சம் பிடிக்கச் செய்கிற காரியத்தில் செலவுதான் ஆகிறது. இதை டிரைவர்களிடம் அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்ல ஒலிபெருக்கி போதாது, முதலாளிகள் சொல்ல வேண்டும். மைலேஜுக்குப் படி கொடுப்பதும் பிடித்தம் செய்வதும் அவர்கள் கையில்தானே இருக்கிறது.

நியூட்ரலில் விட்டால் என்ஜின் பிடிமானம் போய்விடும், என்ஜின் புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் பயன்படாது. லாரியின் எடை முழுவதையும் சக்கரங்களிலுள்ள டிரம் பிரேக்குகளே தாங்க வேண்டும். 35 டன் லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது, வேகம் கூடாமல் பார்த்துக்கொள்ள பிரேக் விழுங்க வேண்டிய சூடு எவ்வளவு தெரியுமா? நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அவ்வளவும் சில நிமிடங்களில் சில இரும்பு டிரம்களுக்குள் இறங்குகிறது. டிரம் சூடானால் விரியும், லைனரை விட்டு விலகும். லைனரும் ஒரு சூட்டுக்கு மேல் பிடிமானத்தை இழக்கும். டிரைவர் இன்னும் ஆழமாக மிதிப்பார், பிரேக்கைத் தள்ளும் ஏர் சேம்பரின் தண்டு தன் எல்லைவரை நீண்டுவிடும், அதற்கு மேல் தள்ள இடமிருக்காது. சங்ககிரி, நாமக்கல் பட்டறைகளில் கேளுங்கள், லைனர் கருகிய நாற்றத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

பிரேக் இப்படிச் சூட்டில் சோர்ந்துவிட்ட லாரியில் டிரைவர் பெடலின் மேல் ஏறி நின்றாலும் சக்கரம் பூட்டாது. பூட்டாத சக்கரம் தடம் விடாது. ஏபிஎஸ் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே அங்கு வேலை இல்லை. பூட்டப்போகும் சக்கரத்தை விடுவிப்பதுதான் ஏபிஎஸ்ஸின் வேலை. பிடிக்காத பிரேக்கைப் பிடிக்கவைக்க அதனால் முடியாது.

ஆக, தடம் இல்லை என்ற ஒரே நிலைக்குக் காரணம் மூன்று இருக்கலாம். டிரைவர் மிதிக்கவே இல்லை: தூங்கிவிட்டார், போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது காலை நகர்த்தவே நேரமில்லை. அல்லது மிதித்தார், ஏபிஎஸ் வேலை செய்தது, அதன் மங்கலான தடம் கண்ணில் படவில்லை. அல்லது மேலேயிருந்து மிதித்து மிதித்து, கீழே வரும்போது பிரேக் சோர்ந்துவிட்டது. மூன்றும் சாலையில் ஒரே மாதிரித்தான் தெரியும், அதாவது ஒன்றும் தெரியாது. பெரிய இறக்கங்களில் மூன்றாவதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கருத்து. மகஜர் எழுதுகிறவர்களின் மனத்தில் முதலாவதுதான் இருக்கிறது.

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் ஊன்றிப் படியுங்கள். விபத்துக்குள்ளான வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து அறிக்கை தருவார். பெரும்பாலும் மறுநாள், அல்லது அதற்கும் பிறகு. அதற்குள் டிரம் ஆறியிருக்கும். ஆறிய இரும்பு சுருங்கிப் பழைய அளவுக்கு வந்துவிடும், லைனரும் மறுபடி பிடிக்கும். ஏர் ஏற்றி மிதித்துப் பார்த்தால் பிரேக் ஒழுங்காக வேலை செய்யும். 'விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல' என்று அறிக்கை வரும். அவர் பொய் எழுதவில்லை. தடம் காணப்படவில்லை என்று எழுதிய காவலரும் பொய் எழுதவில்லை. இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும், நல்ல பிரேக் இருந்தும் மிதிக்காத டிரைவர் என்று ஒருவர் உருவாகிவிடுகிறார். அப்படி ஒருவர் அந்த லாரியில் இருந்தாரா என்பதற்கு இரண்டு தாள்களிலும் ஆதாரம் கிடையாது.

டிரைவரைக் காப்பாற்ற வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். நியூட்ரலில் உருட்டிவந்து பிரேக்கைக் கருக்கியவர் குற்றமற்றவர் அல்ல. ஆனால் அவர் தவறு நடந்த இடம் வேறு. மோதிய இடத்தில் மிதிக்காமலிருந்தது ஒரு தவறு, மூன்று கிலோமீட்டர் மேலே கியரை எடுத்தது வேறொரு தவறு. இரண்டாவதில் பங்குக்கு ஆள் உண்டு: அளவுக்கு மேல் லோடு ஏற்றியவர், பிரேக் அட்ஜஸ்ட் செய்யாமல் அனுப்பியவர், எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்யவில்லை என்று தெரிந்தும் டிரிப்புக்கு அனுப்பிய முதலாளி. தூங்கிய டிரைவர் என்று எழுதிவிட்டால் இவர்கள் யாரும் கட்டுக்குள் வரவே மாட்டார்கள். அந்த இறக்கமும் அடுத்த லாரிக்காக அப்படியே காத்திருக்கும்.

சாலையிலுள்ள சாட்சியம் அழிவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொப்பூரில் ஒரு விபத்து நடந்தால் இரண்டு பக்கமும் கிலோமீட்டர் கணக்கில் வண்டிகள் நிற்கும். ஆம்புலன்ஸ் போக வேண்டும், கிரேன் வர வேண்டும். தீயணைப்பு வண்டி தண்ணீர் அடிக்கும், கொட்டிய டீசல்மேல் மண் போடுவார்கள். போக்குவரத்தைத் திறந்துவிடச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். உயிரும் போக்குவரத்தும்தான் முதலில், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மகஜர் எழுத ஆள் வரும்போது மங்கலான தடம் என்ன, அழுத்தமான தடமே இருக்காது. வண்டிகளை நகர்த்துவதற்கு முன் ஒரு கான்ஸ்டபிள் கைபேசியோடு சாலையில் பின்னோக்கி நூறு மீட்டர் நடந்து, குனிந்து, நீளவாக்கில் பத்துப் படம் எடுத்தால் ஐந்து நிமிடம் ஆகும். அதைச் செய்யாமல் மறுநாள் எழுதும் மாதிரி வரைபடம், அளவில்லாத கோடுகளும் ஓர் அம்புக்குறியும்தான்.

செய்ய ஏற்பாடு இல்லாமல் இல்லை. சென்னை ஐஐடி வடிவமைத்து, தேசியத் தகவலியல் மையம் செயல்படுத்திய ஐராட் என்ற விபத்துத் தரவு ஏற்பாடு 2021-ல் முதலில் ஆறு மாநிலங்களில் வந்தது, தமிழ்நாடு அவற்றில் ஒன்று. சம்பவ இடத்திலேயே கைபேசிச் செயலியில் படத்தோடு விவரம் ஏற்ற வேண்டும். 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகனத் திருத்த விதிகளின்படி, விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாட்களுக்குள்ளும் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். உங்கள் கட்டில் அந்தப் படங்கள் இருக்கின்றனவா பாருங்கள். குற்ற வழக்குக் கட்டில் இல்லாதது இழப்பீட்டு வழக்குக் கட்டில் கிடைப்பதுண்டு. விஞ்ஞான முறையில் விபத்தை ஆராய்வதற்கு நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதும் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து செயல்படும் ஜேபி ரிசர்ச் இந்தியா என்ற நிறுவனம் விபத்து நடந்த இடத்துக்கே ஆள் அனுப்பி, தடம், வண்டியின் நசுங்கல், காயம் எல்லாவற்றையும் அளந்து பதிகிறது. 2011-லிருந்து ராஸி என்ற பெயரில் அந்தத் தரவுகள் சேர்ந்துவருகின்றன. வாகன நிறுவனங்கள் அவற்றைப் படிக்கின்றன. நம் கோர்ட்டுகளுக்கு அந்த வகை ஆய்வு அபூர்வமாகத்தான் வந்து சேருகிறது.

சட்டத்தில் உங்களுக்கு உதவக்கூடிய ஒன்று. கர்நாடக அரசு எதிர் சதீஷ் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998-ல் தந்த தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். 1982-ல் லாரி கவிழ்ந்து பதினைந்து பேர் இறந்த வழக்கு அது. சாட்சிகள் லாரி அதிவேகமாக வந்தது என்றார்கள். அதிவேகம் என்றால் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. வேகமாக வந்தது என்ற ஒன்றை மட்டும் வைத்து அஜாக்கிரதை என்று ஊகிக்க முடியாது, அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி, டிரைவரை விடுவித்த உயர் நீதிமன்றத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை. வேகத்துக்குச் சொன்னது தடத்துக்கும் பொருந்தும் என்று வாதிட இடமிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அது உங்கள் சீனியரின் துறை. 2024 ஜூலை 1 முதல் நடந்த விபத்தானால் இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 304-ஏ பிரிவு இல்லை, பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு. அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்ந்துவிட்டது. தாளில் ஒரு வரி எழுதுவதற்கு முன் இன்னும் கவனம் வேண்டியிருக்கிறது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அளவுகோல் வேறு, அங்கே எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே போதும். குடும்பத்தை இழந்தவர்கள் பக்கம் நின்று வாதிடும் நாள் உங்களுக்கு வந்தால் அதையும் நினைவில் வையுங்கள்.

ஆய்வாளரைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு வந்தால், பிரேக் வேலை செய்ததா என்று கேட்காதீர்கள், செய்தது என்றுதான் சொல்வார். மோதி எத்தனை மணி நேரம் கழித்துப் பார்த்தீர்கள், சக்கரத்தைக் கழற்றி டிரம்மின் உட்புறத்தைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். நீலம் பாரித்த இரும்பும், மயிரிழை வெடிப்புகளும், கண்ணாடிபோல் மினுங்கும் லைனரும் ஆறிய பிறகும் மாறாமல் இருக்கும், மாதம் கழித்துப் பார்த்தாலும் தெரியும். சேம்பர் தண்டு எவ்வளவு நீண்டது என்று அளந்தாரா, கியர்ப்பெட்டிக்குள் எந்தக் கியர் விழுந்திருந்தது, சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணைந்ததா என்றும் கேட்கலாம். கியர்க்கம்பி நின்ற இடத்தை நம்பாதீர்கள், மோதிய வேகத்தில் அது நகர்ந்திருக்கும். பழைய காலத்துப் பல்பாக இருந்தால் பின்பக்க பிரேக் விளக்கின் இழையும் சாட்சி சொல்லும். எரிந்துகொண்டிருந்தபோது அதிர்ச்சி பட்ட இழை, சூட்டில் இளகியிருந்ததால் நீண்டு வளைந்திருக்கும். எல்இடி விளக்கில் அந்த வசதி இல்லை.

வேகத்துக்குத் தடத்தை விட்டால் வேறு வழியில்லை என்றும் எண்ண வேண்டாம். தருமபுரியிலிருந்து இறங்குகிற லாரி கணவாய்க்கு முன்னால் பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டித்தான் வர வேண்டும். 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம் என்பதால், அது சாவடியைக் கடந்த நேரம் நொடிவரை எங்கோ பதிவாகியிருக்கும். மோதிய நேரம் கேமராவிலோ 108-க்குப் போன முதல் அழைப்பிலோ இருக்கும். இடையிலுள்ள தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வந்துவிடும். ஜிபிஎஸ் பொருத்திய லாரி என்றால் முதலாளியின் கைபேசியிலேயே முழு ஓட்டமும் இருக்கலாம், ஆனால் இந்தப் பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பது அவரவர் வசதி. சீனியரிடம் சொல்லி இந்த வாரமே மனுப் போடுங்கள்.

அன்புடன்.

பி.கு.: உங்கள் பைக்கில் ஏபிஎஸ் இருந்தும் பின்சக்கரம் சறுக்கித் தடம் விழுந்தது, வண்டியில் கோளாறா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். கோளாறாக இருக்க வேண்டியதில்லை. 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு 2019 ஏப்ரலுக்குள் ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டது, ஆனால் பல மாடல்களில் அது முன்சக்கரத்துக்கு மட்டும்தான். பின்சக்கரம் பழையபடி பூட்டும், தடமும் விடும். டேங்கின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஏபிஎஸ் ஸ்டிக்கரில் இது இருக்காது, கையேட்டைப் பாருங்கள்.